கம்பளித் தாள் என்று நினைத்து

2-12-1962, ஞாயிறு
கோடு போட்ட கொப்பிதான் வாங்கினேன். எழுத்துகள்தான் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. நாற்பது வருடம் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, பேனாவையும் அதே போல் அழுத்துகிறது. தாள் கிழிந்தால் கொப்பி என்னை மன்னிக்க வேண்டும்.

கணேசமூர்த்தி மாஸ்டர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் எட்டு மாதமாக எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். இன்று கொப்பி அட்டையில் என் பெயரை முழுதாக எழுதினேன். சின்னராசா. என் மனைவி நாகலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "இந்த நேரத்துக்கு நான் ஒரு கூடை கொழுந்து எடுத்திருப்பேன்" என்றாள். பொறாமை.

5-12-1962
மாஸ்டர் வந்தார். தலவாக்கலையில் ஒரு பள்ளியில் ஜனவரி முதல் ஆறாம் வகுப்புக்குப் பெண்பிள்ளைகளையும் எடுக்கிறார்களாம். எங்கள் தோட்டப் பள்ளி ஐந்தோடு சரி. மூத்தவள் வேலாயியைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பெண்ணுக்கு எதற்கு என்று கேட்டது யார்? நான்தான். நடுவுள்ளவள் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கடைக்குட்டி பூரணி ஐந்தை முடித்துவிட்டாள்.

"பன்னெண்டு வயசாயிருச்சு. கொழுந்துக்கு அவ பேரைப் பதிஞ்சுறாமப் பாத்துக்குங்க. பதிஞ்சா பள்ளிக்கூடம் அவ்வளவுதான்" என்றார் மாஸ்டர்.

நான் விடுவேனா?

8-12-1962
காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் வாசித்ததும் கணக்கப்பிள்ளை செல்லசாமி தாள்களோடு நின்றார். தோட்டத்தில் கம்பளி கொடுக்கிற மாதம், அதற்குத்தான். விரல் வைக்க மை டப்பாவை நீட்டினார். "பேனா குடுங்க" என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது! மூன்று சொல் படிப்பதற்குள் பின்னால் நின்ற அழகன், "மாமா, தாளு மக்கிப் போயிரும்!" என்று கத்தினான். கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடைசி எழுத்தின் காலை நன்றாக இழுத்தும் விட்டேன்.

10-12-1962
அது கம்பளித் தாள் இல்லை. பூரணியைக் கொழுந்துக்குப் பதிகிற தாள். ஜனவரி ஒன்றாம் திகதியிலிருந்து பெரட்டில் அவள் பேரையும் வாசிப்பார்களாம். செல்லசாமிக்கு ஆள் குறைவு. "படிச்சவராச்சே, படிச்சுட்டுத்தானே போட்டிருப்பீங்க?" என்று சிரிக்கிறார்.

ஐயோ, என்ன செஞ்சு வச்சிருக்கேன். படிக்கத் தெரிஞ்சும் படிக்காம — எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் புள்ளையப் பாக்கிறது?

"கைநாட்டு வச்ச காலத்துல யாரையாச்சும் கேட்டுட்டு வைப்பீங்க" என்றாள் நாகலெட்சுமி. பூரணி திறந்து கிடந்த என் பேனாவை மூடி வைத்தாள்.

11-12-1962
மாஸ்டரோடு ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் பழைய பேரேட்டைப் புரட்டினார்.

"இதுல உம்ம பெருவிரல்தான் இருக்கு. உமக்குக் கையெழுத்துன்னு ஒண்ணு இருக்கறது ஆபீசுக்குத் தெரியாது. இந்தத் தாளு செல்லாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டு மாதம் பழகிய எழுத்து செல்லாதா? வாயைத் திறந்தேன். மாஸ்டர் என் காலை மிதித்தார். அப்புறம்தான் புரிந்தது, தாள் செல்லாவிட்டால் பூரணிக்குத்தான் நல்லது.

கிளாக்கர் மை டப்பாவைத் தள்ளினார். "இப்ப விரலை வச்சா சரியாயிரும்."

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "அத விட்டுட்டேங்க."

"எத?"

"கைநாட்ட. சுருட்டு விட்ட மாதிரி."

கிளாக்கர் சிரித்துவிட்டார். செல்லசாமி சிரிக்கவில்லை.

12-12-1962
அழகன் என்னைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறான்.

7-1-1963
தலவாக்கலை. தலைமை ஆசிரியை றோசலின் மிஸ் சேர்க்கைத் தாளை நீட்டி, "கீழ ஒரு கையெழுத்து, ஐயா" என்றார்.

"படிச்சுட்டுங்க" என்றேன்.

இருபத்து மூன்று வரி. பின்னால் ஐந்து பெண்பிள்ளைகள், அவர்களின் அப்பாமார். ஒருவர் கொட்டாவி விட்டார். பூரணி வெட்கத்தில் சுவரைப் பார்த்தாள். கடைசி வரியில் ஒரு சொல் ஓடவில்லை. அவளையே கேட்டேன்.

"பாதுகாவலர். அப்படின்னா நீங்கதாம்ப்பா."

போட்டேன். கடைசி எழுத்தின் கால் கொஞ்சம் கோணிவிட்டது. குளிர்தான்.

20-1-1963, ஞாயிறு
கம்பளி ஒரு வழியாகக் கிடைத்தது. இந்த முறை முழுப் பட்டியலையும் படித்தேன். வரிசை என்னைத் திட்டித் தீர்த்தது. கிளாக்கர் என் கையெழுத்தைப் பேரேட்டில் ஏற்றிவிட்டார். இனி அது செல்லும். பயந்து பயந்துதான் போட வேண்டும்.

கம்பளி பூரணிக்கு. விடியற்பனியில் மூன்று மைல் நடக்கிறாளே. நேற்று என் கொப்பியைக் கேட்டு வாங்கிச் சிவப்பு மையால் திருத்தினாள். பக்கமெல்லாம் ரத்தம். அடுத்த ஞாயிற்றுக்குள் ஒரு பக்கமாவது பிழையில்லாமல் எழுதிக் காட்ட வேண்டுமாம்.

சரி என்றிருக்கிறேன்.