அரத்தால் ராவிய ஸ்பானர்

ஞாயிறு, இரவு.

சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கை கிறீஸ் மணக்கிறது. இதை எழுதாமல் தூக்கம் வராது.

என் பழைய சைக்கிளின் பெடலை என் கணவர் இரண்டு முறை கழற்றிப் பூட்டினார். ஒருமுறை ஆடியது, மறுமுறை இறுகி நின்றுவிட்டது. "உந்தப் பெடலை எறிஞ்சுபோட்டுப் புதுசு போடும்" என்றார். எறிவதாவது! அந்த இரும்புப் பெடலுக்காகத்தானே சைக்கிளையே வாங்கினேன்.

பிழை பெடலில் இல்லை, ஸ்பானரில். பெடலில் இரண்டு நட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. உள்ளே இருப்பதை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளியே இருப்பதை இறுக்க வேண்டும். இவருடைய தடித்த ஸ்பானர் இரண்டையும் சேர்த்தே திருப்பிவிடுகிறது. கொட்டாஞ்சேனைக் கடைகளில் மெல்லியது இல்லை. அதனால் காலையில் இவருடைய புது செட்டில் ஒன்றை எடுத்து, தகடு போலாகும்வரை அரத்தால் ராவினேன்.

"முழு செட்டையும் நாசமாக்கிப்போட்டீரே!" என்று கத்தினார்.

பின்னேரம் பெடலைப் பூட்டி விரலால் சுண்டிவிட்டேன். ஆட்டமில்லை, சத்தமில்லை, சுழன்றுகொண்டே இருந்தது. இவரும் வந்து ஒருமுறை சுண்டிப் பார்த்தார்.

இப்போது முன்னறையில் நண்பரோடு போனில் கதைக்கிறார்: "உம்மட சைக்கிளையும் கொண்டு வாரும் ஐசே. எங்களிட்ட அதுக்கெண்டே ஒரு ஸ்பானர் இருக்கு."

எங்களிட்டயாம்!