பாஸ்போர்ட்டில் தொடங்கிய வகுப்பு

அன்புள்ள மல்லிகா அக்கா,

நீங்கள் கண்மூடி ஒன்பது நாளாகிறது. ஒடாஹுஹுவில் நீங்கள் நடத்திவந்த ஆங்கில வகுப்பை, செவ்வாய்க்கிழமை நான்தான் நடத்தினேன். உங்கள் வழக்கப்படி ஏ, பீ, சீக்கு முன்னால், புதிதாக வந்த பெண்ணிடம் பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் பெயரை வாசிக்கச் சொன்னேன். “அது ஓனர்கிட்ட இருக்கு மிஸ்” என்றாள். நாளை அவளோடு போய்க் கேட்கப்போகிறேன்.

உங்களுடையது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும் அக்கா. பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த எங்கள் வீட்டில், அம்மாவின் அலுமாரியில், கூறைச் சேலைக்கு அடியில். எட்டு வயதில் அதை எடுத்து உங்கள் படத்தைப் பார்த்தேன். “ஒருத்தருக்கும் சொல்லாதை” என்றார் அம்மா. நீங்கள் அதைத் தேடி அழுத நாளிலும் நான் சொல்லவில்லை. சின்னப்பிள்ளைதானே என்று எத்தனை காலம் சமாதானம் சொல்லிக்கொள்வது?

என்னைப் பார்த்துக்கொள்ள ஊரில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்த உங்களை ஆறு வருடம் சம்பளமில்லாமல், வாசல் தாண்ட விடாமல் வைத்திருந்தோம். அடிமைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. நான் உரக்க வாசித்த பள்ளிப் புத்தகங்களை, என் சீருடையை அயன் பண்ணியபடியே கேட்டும் எட்டிப் பார்த்தும் ஆங்கிலம் படித்தீர்கள். ஒரேயொரு நாள், அவசரத்துக்குத் தெருமுனை டெய்ரிக் கடைக்கு அனுப்பினோம். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்ததை வாசித்து, பால் வாங்கத் தந்த காசில் ஏறிப் போய்விட்டீர்கள்.

பிறகு ஆசிரியையானீர்கள். வேலைக்கு வந்த பெண்களுக்கு வகுப்பு வேண்டுமென்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினீர்கள். எங்கள் பெயரை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. வளர்ந்தபின் தேடி வந்து ஏனென்று கேட்டேன். “சொன்னா ஒங்க அப்பா அம்மாவப் புடிச்சிருப்பாங்க. பாப்பா படிக்கிற புள்ளதானே” என்றீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

நேற்று அம்மா போனில், “எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ந்தவ எண்டு நினைவு மலரில எழுது” என்றார். மாதிரி! வீட்டுப் பிள்ளை ஏன் கராஜில் படுத்தாள் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நினைவுக் கூட்டம். அம்மாவும் வருவார். அவருக்கு என்ன ஆகுமோ, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் மாணவிகள் முன்னால், உங்களை வைத்திருந்தது எந்த வீடு என்று சொல்வேன். எனக்காக நீங்கள் வாய்மூடி இருந்தது போதும் அக்கா.

தங்கை என்று கையெழுத்திடத்தான் ஆசை. இப்போதைக்கு இதுதான் உண்மை.

உங்களை அடைத்து வைத்த வீட்டின் மகள்,
சுபா