அஞ்சாம் நம்பர் மலையின் செடி உயரம்

ஏ புள்ள,

பேத்தியின் பள்ளிக்கூடக் கம்பளிச் சட்டை நேற்று மழையில் நனைந்து வந்தது. அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருந்தேன். இன்று காலை அடுப்பை மூட்டியதும் ஈரக் கம்பளி வாசம் காம்பரா வீடு முழுக்க ஏறிவிட்டது. மழைக்காலத்தில் நம் தலையில் கிடந்த கம்பளியின் அதே வாசம். அது மூக்கில் பட்டால் எனக்கு ஒரே ஒரு நாள்தான் ஞாபகம் வரும். எந்த நாள் என்று உனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வருஷமாக அந்த வாசம் வரும்போதெல்லாம் உன்னை வைதிருக்கிறேன். இன்று வையவில்லை. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு எழுத்துத்தான், உனக்கு விளங்கும்.

எனக்கு எதுவும் மறக்காது. என் மகள் சடங்குக்கு யார் யார் வரவில்லை என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். வந்துவிட்டுச் சாப்பிடாமல் போனவர்களையும் சொல்வேன். அந்த நாளும் அப்படியே இருக்கிறது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி உனக்குக் கொழுந்து பறிக்க ரோட்டோரத்து நல்ல நெரையைக் கொடுத்தார். எனக்கு மழைத்தண்ணி ஓடுகிற பெரிய கானுக்குப் பக்கத்தில், அஞ்சாம் நம்பர் மலையின் வால் துண்டு. கங்காணியை எதிர்த்துப் பேச முடியுமா? அந்தக் கோபத்தை உன்மேல் காட்டினேன். உனக்கு அப்போதுதான் பரிசம் போட்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "இவ மாப்பிள்ளை வந்தா மொதல்ல பல்லு வரும், பின்னால ஆளு வருவாரு." ஆள் எல்லாம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு மழை பிடித்தது. கொழுந்து நிறுக்க வரச் சொல்லிக் கங்காணி சத்தம் போட்டார். நான் வால் துண்டை முடித்துவிட்டு வரலாம் என்று நின்றேன். கானைத் தாண்டும்போது வழுக்கியது. விழுந்த வேகத்தில் கால் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டி, எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கானுக்குள் கிடந்தபடி உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். மேலே ரோடு வளைகிற முடக்கில் நீ நின்றாய். தலையில் கம்பளி, முதுகில் கூடை. திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு போய்விட்டாய்.

ரொம்ப நேரம் கழித்து ஆம்பிளையாட்கள் சாக்கைக் கம்பில் கட்டிக்கொண்டு வந்து தூக்கிப்போனார்கள். அவர்களை அனுப்பியதும் நீதான். அதுவே எனக்குச் சாட்சியாகிவிட்டது. எங்கே கிடக்கிறேன் என்று தெரியாதவள் எப்படி ஆள் அனுப்புவாள்? பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், பிறகு மனசு உறுத்தி அனுப்பியிருக்கிறாள். அப்படித்தான் நான் முடிவு கட்டினேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாய். "நான் பார்க்கல புள்ள. மாரியாத்தா சத்தியமா பார்க்கல," என்றாய். வால் துண்டை முடிக்காமல் நான் கிளம்பமாட்டேன் என்று தெரிந்துதான் அங்கே தேடச் சொன்னதாகவும் சொன்னாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரி சாப்பிட்டாள்.

கால் கோணலாகத்தான் ஒட்டியது. மலைக்கு ஆகாது என்று சொல்லி என்னை ஸ்டோரில் தேயிலை சலிக்கப் போட்டார்கள். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. தண்ணி பிடிக்கிற பீலிக்கரைக்கு நீ வந்தால் குடம் பாதியில் இருந்தாலும் தூக்கிக்கொண்டு நடப்பேன். போன வருஷம் உன் சாவுக்கு வந்தேன், ஆனால் வாய்க்கரிசி போடவில்லை. லயத்து வீட்டுவரிசையின் கோடியில் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டேன்.

இனி இந்தப் புதுக்கதையைக் கேள்.

என் பேத்தி தர்ஷி ஹட்டனில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கம்ப்யூட்டர் பாடத்துக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு கேம் செய்ய வேண்டுமாம். போனில் விளையாடுகிறார்களே, அதே மாதிரி, ஆனால் சொந்தமாகச் செய்ய வேண்டும். இருக்கிற ஊரை வைத்துச் செய்யச் சொல்லிவிட்டார்கள். கண்காட்சி அன்று பெற்றோர் எல்லாம் வந்து விளையாடிப் பார்ப்பார்களாம். உன் மகள் சாந்தியின் பிள்ளையும் அதே வகுப்பு. அப்படியானால் சாந்தி வருவாள். அது தெரிந்துதான் தர்ஷி கதை கேட்டபோது நான் அந்த நாளைச் சொன்னேன். ஒளிக்கவில்லை புள்ள. நீ செய்ததை உன் மகளும் பார்க்கட்டும், ஊரும் பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன்.

தர்ஷி முதலில் நூறு பேர் சண்டை போடுகிற மாதிரி, கார் பறக்கிற மாதிரி ஏதோ நினைத்திருந்தாள். டீச்சர் கேட்டுவிட்டு, மொதல் கேமுக்கு ஒரு இடம், ஒரு ஆள், ஒரு வேலை போதும் என்றாராம். என் கதை அதற்குச் சரியாக இருந்தது. ஒரு மலை, கானில் விழுந்தவள் ஒருத்தி, கூப்பிடுவதுதான் அவள் வேலை.

யாரோ பாவித்துக் கழித்த லெப்டொப் ஒன்று வைத்திருக்கிறாள். கேம் செய்வதற்கென்றே ஒரு சாமானை அதில் இறக்கியிருந்தாள். திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு தரையும் உரல் உலக்கை மாதிரி ஒரு பொம்மையும், வேறு ஒன்றும் இல்லை. பக்கத்தில் கலர் கலராகக் கட்டைகள். 'இந்தப் பொத்தானை அமுக்கினால்' என்று ஒரு கட்டை, 'முன்னால் நட' என்று ஒரு கட்டை. ஒன்றுக்குக் கீழே ஒன்றை இழுத்துக்கொண்டுபோய் ஒட்டினால் பொம்மை நடக்கிறது. நானே ஒட்டினேன். பொத்தானை அமுக்கினேன். பொம்மை இரண்டு எட்டு வைத்துவிட்டுத் தரைக்குள் இறங்கிக் காணாமல் போய்விட்டது. எனக்குத் திக்கென்றது. தர்ஷி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தரை கெட்டியானது என்று நாம் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாதாம். "இதக்கூடவா சொல்லணும்?" என்றேன். "எல்லாத்தையும் சொல்லணும் அம்மாயி. நீங்க சொல்லாதது எதுவும் இதுக்குள்ள கிடையாது," என்றாள்.

சரி, சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேரும் உட்காருவோம். ரோடு எந்தப் பக்கம் வளையும், முடக்கில் தண்ணீர் டேங்கி எங்கே, கான் எத்தனை முழ ஆழம் எல்லாம் சொன்னேன். ஒரே ஒரு தேயிலைச் செடி செய்து, அதையே ஆயிரம் தடவை பிரதி எடுத்து மலை நிறைய நட்டாள். நமக்கு அப்படி ஒரு வசதி இருந்ததா? பனிமூட்டம் வேண்டும் என்றேன், ஒரு பொத்தானில் வந்துவிட்டது. முடக்கில் உன்னை நிறுத்தினாள். கம்பளியும் கூடையும் சரியாக இருந்தன.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அவங்க எதுக்கு அம்மாயி போயிர்றாங்க?"

கோபத்தில் போனாள் என்றேன். கோபம் என்று ஒரு கட்டை இல்லையாம். முடக்கில் நிற்கிறவள் கண்ணிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு விழுந்தவளைத் தொட்டால் பார்த்த மாதிரி. தொட்டால் அவள் ஒரு நிமிஷம் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகட்டும், தொடாவிட்டால் தன் பாட்டுக்கு நடக்கட்டும் என்று கட்டைகளை அடுக்கினாள். ஓட்டிப் பார்த்தோம். நான் கானுக்குள் இருந்து கூப்பிடும் பொத்தானை அமுக்கினேன். நீ நின்றாய், பார்த்தாய், முகத்தைத் திருப்பினாய், போனாய். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பார்த்தாயா, இதுதான் நடந்தது என்றேன்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. செடிகள் முழங்கால் உயரம்தான் இருந்தன. கடையில் தொங்குகிற காலண்டர் படத்தைப் பார்த்து நட்டிருக்கிறாள். நான் சத்தம் போட்டேன். அது என்ன புதுக் கன்றா? அஞ்சாம் நம்பர் அப்போது கவ்வாத்துக்கு நின்ற மலை. அடுத்த மாதம் வெட்ட இருந்தது. நாலு வருஷம் வெட்டாத செடி நெஞ்சு உயரத்துக்கு நிற்கும். செடியின் நடுவில் எட்டிப் பறிக்க முடியாமல் நாம் நுனிக்காலில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். தர்ஷி செடியை உயர்த்தினாள். ஒன்றை உயர்த்தியதும் ஆயிரமும் உயர்ந்தன. பார்க்க அப்படியே அந்த மலைதான்.

திரும்ப ஓட்டினோம். கூப்பிட்டேன். நீ முடக்கில் நின்றாய். அவ்வளவுதான், முகத்தைத் திருப்பவில்லை, சும்மா நடந்து போய்விட்டாய். பத்துத் தடவை ஓட்டினோம், பத்துத் தடவையும் அப்படித்தான். ஏதோ பிழை வந்துவிட்டது என்று தர்ஷி எல்லாக் கட்டைகளையும் கழற்றித் திரும்ப அடுக்கினாள். மூன்று நாள் போனது. நாலாம் நாள், அந்தக் கண் கோட்டைச் சிவப்பு நிறத்தில் தெரிகிற மாதிரி செய்தாள். உன் கண்ணிலிருந்து சிவப்புக் கோடு கிளம்பி, சரிவில் இறங்கி, மூன்றாவது செடியிலேயே முட்டி நின்றது.

"பிழை இல்ல அம்மாயி. செடி மறைக்குது," என்றாள்.

அது எப்படி மறைக்கும், நான் அவளைப் பார்த்தேனே என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. கானுக்குள் கிடக்கிற பொம்மையின் கண்ணால் மேலே பார்க்க வைத்தாள். செடிகளுக்கு மேலே, வெள்ளை வானத்தில், ஒரு கம்பளியின் உச்சி மட்டும் தெரிந்தது. முகம் இல்லை, கண் இல்லை. "இதத்தான் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். ஆமாம், அதைத்தான் பார்த்தேன். அந்த உச்சி திரும்பியதைப் பார்த்தேன். அதற்குக் கீழே உன் கண்ணை வைத்தது நான்தான்.

பிறகு உன் கண்ணால் காட்டினாள். ரோட்டில் நின்று நான் கீழே பார்த்தேன். பச்சைப் பாய் விரித்த மாதிரி செடி, அதற்கு மேலே பனி. கானும் இல்லை, நானும் இல்லை.

கண்காட்சிக்கு நாலு நாள்தான் இருந்தது. பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது. "செடியக் கொஞ்சம் குறைச்சிட்டா போதும் அம்மாயி, கண்ணு எட்டிரும். கதை நீங்க சொன்ன மாதிரியே வந்துரும். ஒரு சாணு தான். யாருக்குத் தெரியப் போகுது?"

நான் எழுந்து வெளியே போனேன். பீலிக்கரைக் கல்லில் உட்கார்ந்தேன். குறைக்கச் சொல்லத்தான் முதலில் மனசு வந்தது, பொய் சொல்லமாட்டேன். நாற்பத்திரண்டு வருஷம் புள்ள. குறைக்கவில்லை என்றால் அத்தனை வருஷமும் நான் யாரோடு சண்டை பிடித்தேன்? பாதிக் குடத்தோடு எதற்காக நடந்தேன்? ஒரு சாண். தர்ஷியின் விரல் ஒரு தடவை அசைந்தால் நீ குற்றவாளி, நான் நியாயக்காரி. சாந்தி முன்னால் அப்படியே ஓட்டிக் காட்டலாம்.

ஆனால் அந்த மலை கவ்வாத்துக்கு நின்ற மலை. அது எனக்குத் தெரியும். உன்னை இத்தனை வருஷம் கூண்டில் நிறுத்தி வைத்ததே என் ஞாபகத்தை நம்பித்தான். உயரத்தில் மட்டும் அதைப் பொய்யாக்கிவிட்டு மிச்சத்தை எப்படி நம்புவது? உள்ளே வந்து, செடியைத் தொடாதே என்றேன். அதைச் சொல்லி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது. முழுக் கூடையை நிறுவைக்கு இறக்கி வைத்தால் முதுகு தானாக நிமிருமே, அந்த மாதிரி. தர்ஷியிடம் சோறு போடச் சொல்லி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நாலு நாளில் கேமைத் திருப்பிப் போட்டோம். இப்போது விளையாடுகிறவர் நீ. முடக்கில் நிற்கிறாய், மழைச் சத்தம், கீழே எங்கேயோ கூட்டாளியைக் காணவில்லை. இறங்கிப் போய்ச் செடிக்குள் தேடினால்தான் குரல் கேட்கும். ரோட்டோடு நடந்தால் நிறுவைக் கொட்டகை வந்துவிடும், அங்கே போய் ஆளை அனுப்பலாம். இரண்டு வழியாலும் அவள் பிழைப்பாள். பிழைக்கத்தானே செய்தேன்.

கண்காட்சிக்குத் தர்ஷியோடு பஸ்ஸில் போனேன். சாந்தி வந்தாள். உன் நடைதான் அவளுக்கும். கதிரையில் உட்காரவைத்து, எந்தப் பொத்தானுக்கு நடக்கும் என்று நானே காட்டிக்கொடுத்தேன். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்பதே அவளுக்கு ஆச்சரியம். முடக்கில் நின்று கீழே பார்த்தாள். அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள்.

"ஆள் யாருமே தெரியலையே பெரியம்மா," என்றாள்.

"தெரியாதும்மா. அங்க நின்னா தெரியாது. ஒங்கம்மா என்னையப் பார்க்கல. நான்தான் அவ பார்த்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்," என்றேன். அங்கே நின்ற மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன். வைததும் சத்தமாகத்தானே.

சாந்தி லெப்டொப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள், அம்மா பென்சன் ஆன பிறகும் அந்த வழியாகப் போனால் முடக்கில் நின்று கீழே ஒரு தரம் பார்க்காமல் போகமாட்டார்களாம். ஏன் என்று கேட்டால், செடி எவ்வளவு ஒசந்திருக்குன்னு பார்க்கிறேன் என்று சொல்வார்களாம். பிறகு என் கையைப் பிடித்து, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். சாப்பிட்டுத்தான் வந்தேன். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து.

மற்றவர்கள் மேல் இருக்கிற கோபம் எல்லாம் அப்படியே இருக்கிறது, புள்ள. நான் ஒன்றும் சாமியாராகிவிடவில்லை. அந்தக் கங்காணியைச் செத்த பிறகும் மன்னிக்கவில்லை. உன்னுடையது மட்டும் போய்விட்டது. போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, அதைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். எனக்கு எதுவும் மறக்காது என்று பெருமை பேசினேன் இல்லையா? ஒன்றை மறந்திருக்கிறேன். கானுக்குள் கிடந்து நான் பார்த்தபோது அந்தக் கம்பளி உச்சி என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. முதலில் முடக்கிலிருந்த தண்ணீர் டேங்கிப் பக்கம் திரும்பியது. பிறகு என் பக்கம். பிறகு திரும்பவும் டேங்கிப் பக்கம். அவ்வளவு மழையில், அவ்வளவு கோபத்தில், நீ நின்று தேடியிருக்கிறாய்.