முதுகு சாய்த்தால் திறக்கும் பெட்டகம்

மச்சான்,

சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் எண்ணெய் மணம் போகவில்லை. நம் அம்மாள் கோயில் பெட்டகத்தின் பூட்டுக்கு நேற்று விட்ட எண்ணெய். துருவோடு கலந்த அந்த மணம் மூக்கில் ஏற ஏற, உன்னைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் ஏச வேண்டும்போல் இருக்கிறது. அம்மாளின் வைகாசிச் சடங்குக்கு நிற்காமல் மாசியிலேயே கண்ணை மூடுகிற ஆளா நீ?

மில்காரர் தொழிலை விட்டபோது, அவருடைய பழைய இரும்புப் பெட்டகத்தைக் கோயிலுக்கு வாங்கியவன் நீதான். உழவு மெசினில் ஏற்றிவந்து இறக்கும்போதே கதவு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கோயில் நிர்வாகம் பார்க்க நாம் இரண்டு வண்ணக்கர்மார், தாய்வழிக் குடிக்கு ஒருவர். பெட்டகம் இருக்கும் அறைப் பூட்டின் திறப்பு உன் குடியிடம், பெட்டகப் பூட்டின் திறப்பு என் குடியிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் உள்ளே இருக்கும் அம்மாளின் சிலம்பைத் தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

முதல் வருஷமே பெட்டகம் மக்கர் பண்ணியது. வெளியே பறை முழங்குகிறது, பூசாரியார் சிலம்புக்குக் காத்து நிற்கிறார், நான் திறப்பைத் திருப்பித் திருப்பிக் கை சிவந்து நிற்கிறேன். "அம்மாளுக்குக் கோவம்" என்று யாரோ சொல்ல, பெண்கள் குரவை போடத் தொடங்கிவிட்டார்கள். நாமும் நம்பிவிட்டோமே! மஞ்சள் துணியில் காசு முடிந்து பெட்டகத்தின் கைபிடியில் கட்டினோம், கற்பூரம் கொளுத்தினோம். கடைசியில் நீ களைத்துப்போய்க் கதவில் முதுகைச் சாய்த்து, "இனி அவவே பாக்கட்டும் மச்சான்" என்றாய். நான் சும்மா ஒருதரம் திருப்பினேன். பூட்டு விட்டுவிட்டது.

"அம்மாள் கேட்டது நேத்திய இல்ல, உன்ட பாரத்த" என்றேன். நீ வயிறு குலுங்கச் சிரித்தாய்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அதுவே முறையாகிவிட்டது. நீ சால்வையை இழுத்துச் செருகி, கதவில் சாய்ந்து, "ம்... இப்ப திருப்பு மச்சான்" என்பாய். திருத்துவோமா என்று கேட்டால் விடமாட்டாய். "நம்மட சனத்த விட இந்தப் பூட்டுக்குத்தான் குடி வழக்கம் நல்லாத் தெரியும்" என்பாய். முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு குடியும் முகம் பாராமல் இருந்த வருஷம் நினைவிருக்கிறதா? நாமும் பேசவில்லை. ஆனால் நீ வந்து சாய்ந்தாய். "இப்ப திருப்பு" என்று முறைப்பாகச் சொல்லி, கொஞ்சம் பொறுத்து, "மச்சான்" என்றும் சேர்த்தாய். என் கோபம் அங்கேயே கரைந்து போனது.

இப்போது உன் இடத்தில் உன் தங்கச்சியின் மகன். நல்ல பிள்ளை, ஆனால் ஈர்க்கில் உடம்பு. சடங்குக்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்போம் என்று நேற்று அவன் எப்படியெல்லாமோ சாய்ந்தான், பூட்டு அசையவில்லை. பயந்துபோய் டவுனில் இருந்து ஆளைக் கூட்டிவந்துவிட்டான். வந்தவர் சரிந்த கதவின் பிணைச்சலை நிமிர்த்தி, பூட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, "இனி ஒரு விரலால திறக்கலாம் ஐயா" என்று என் கையிலும் திறப்பைத் தந்து திருப்பிப் பார்க்கச் சொன்னார். சிலம்பு வெளியே வரும் என்று நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். மருமகன் உன் இடத்துக்கு வந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன் மச்சான். அந்த இடமே தேவையில்லாமல் போனதைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இன்று சடங்கின் முதல் நாள், கோயில் கதவு திறக்கிற நாள். வாவிப் பக்கமிருந்து காற்று வீசியது, பறை தொடங்கியது. மருமகன் அறையைத் திறந்தான். நான் பெட்டகத்தில் திறப்பைப் போட்டேன், போட்டபடியே நின்றேன்.

"என்ன மாமா நிக்கிறீங்க? திருப்புங்க, இப்ப லேசாத் திறக்கும்."

"பொறு மனே. உன்ட மாமன் இன்னும் சாயல்ல."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு வந்து, உன்னைப்போலவே சால்வையைச் செருகிக்கொண்டு, அந்த மெலிந்த முதுகைக் கதவில் சாய்த்தான். நீ சொல்லுகிறதை அவன் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது. திருப்பினேன்.