பனிப் பிளவுக்குள் அகப்பட்ட அப்பா

ஒக்லாந்து
18.1.1997

அன்பு மகள் வசந்தமலருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் கை கால் முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம், ஏன் இப்படித் தொடங்குகிறேன் என்பது வாசிக்க வாசிக்கத் தெரியும். நீயும் மருமகனும் ரொறன்ரோக் குளிரில் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும் போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை மருமகனுக்கும் வாசித்துக் காட்டலாம், ஆனால் சிரித்த சூட்டோடு அவர் அப்பாவுக்கு ரெலிபோன் எடுக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

திருநாவுக்கரசு மாமாவும் அப்பாவும் கதைக்காமல் விட்டு இரண்டு வருசம் என்பது உனக்குத் தெரியும். என்ன காரணம் என்று நீ கேட்டபோதெல்லாம் அது பெரிய விசயம் பிள்ளை என்று அப்பா மழுப்பிவிடுவார். அந்தப் பெரிய விசயத்தை இப்போது நான் சொல்கிறேன். சங்கத்துக் கிரிக்கெட்டில் மாமா அம்பயராக நின்றார், அப்பா மட்டை பிடித்தார், பந்து காலில் பட்டது, மாமா விரலைத் தூக்கினார், அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக ஒரு ஹீற்றரைச் சுற்றிப் படுத்தெழும்பிய மனிதர்கள், ஒரு எல்பிடபிள்யூவுக்காகப் பூசை மண்டபத்தில் கண்டாலும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் சிரித்தோம், ஆனால் அப்பாவுக்கு அதன் பிறகு வேறு கூட்டாளி ஒருவரும் சரிவரவில்லை. போன குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலடியில் நின்று மழையைப் பார்ப்பார், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார், பிறசரும் கூடிவிட்டது. மனுசரோடை கதைச்சுப் பழகச் சொல்லுங்கோ என்று டொக்டர் என்னிடம் சொன்னார். கதைக்க வேண்டிய மனுசர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார் என்று டொக்டருக்கு எப்படிச் சொல்வது. பெண்சாதிமார் நானும் சுந்தரி மாமியும் மட்டும் கதைப்பதை நிறுத்தவில்லை, ஈஸ்ட் டாமாக்கி பக்டரியில் ஒரே மேசையில் பிஸ்கற் அடுக்குகிற இரண்டு பேர் எப்படி நிறுத்துவது. அந்த மேசையில்தான் எங்கள் திட்டம் உருவானது.

தம்பி ஜனார்த்தன் தென்தீவுக்கு எங்கள் வானை ஓட்டிக்கொண்டு போய்க் கூடாரம் அடித்துத் தங்கிப் பனியாற்றில் ஏற வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. பனியாறு என்றால் மலையிலிருந்து ஆறு இறங்குகிற மாதிரியே இறங்கி வருகிற பனிக்கட்டி, வழிகாட்டியோடுதான் ஏறலாம். வருசப் பிறப்புக்கு எல்லா இடமும் பூட்டுவார்கள்தானே, நான் அப்பாவிடம் சொன்னேன், சுந்தரி மாமி மாமாவிடம் சொன்னாள், அதே ஊர், அதே முகாம், அதே நாள். இரண்டு ஆண்களுக்கும் ஒன்றும் தெரியாது. வெலிங்டனில் கப்பல் ஏறும்போது இதெல்லாம் ஒரு கடலோ என்று கேட்ட அப்பா பிக்டனில் இறங்கும்வரை பைக்குள் இருந்து முகத்தை எடுக்கவில்லை. மேற்குக் கரையில் ஒரு முகாமின் பொதுக் குசினியில் நான் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் வறுக்க, ஒல்லாந்துக்காரப் புருசனும் பெண்சாதியும் தும்மிக்கொண்டு வெளியே ஓடினார்கள், மறுநாள் காலை பாணோடு வந்து நின்று அதே சம்பலைக் கேட்டார்கள். பனியாற்று ஊரான பிரான்ஸ் ஜோசெப்பில் நாங்கள் வானை நிறுத்த, பக்கத்து இடத்தில் மாமா குனிந்து கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். அப்பா பார்த்த உடனே, டேய் வானைத் திருப்படா என்றார். நான் அமைதியாக, திருப்புங்கோ, ஆனால் இராசரத்தினம் என்னைக் கண்டு ஓடினவர் எண்டு அவர் ஒக்லாந்து முழுக்கச் சொல்லுவார் என்றேன். அது போதும், இறங்கிவிட்டார். மாமாவின் முகத்தில் முழிக்கக் கூடாது என்று எங்கள் கூடாரத்தின் வாசலைப் பற்றைப் பக்கம் பார்க்க அடித்தார், அந்தப் பற்றையில்தான் மணல் ஈக்கள் குடியிருக்கின்றன, விடியும்போது அவருடைய மூக்கு இரண்டு மூக்காக இருந்தது.

காலையில் வழிகாட்டியின் இடத்தில் எல்லோருக்கும் ஆணி அடித்த சப்பாத்தும் நீளத் தடியும் தந்தார்கள். வழிகாட்டி ஜில் என்று ஒரு பெட்டை, உன்னைவிட இளமை, தோளில் கோடாலி. இரண்டு வழுக்கைத் தலையும் ஒரே மாதிரிக் கம்பளித் தொப்பி போட்டு ஆளுக்கொரு மூலையில் உறுமிக்கொண்டு நின்றதைப் பார்த்து, இவர்கள் சகோதரர்களா என்று கேட்டாள். ஒருவரும் வாய் திறக்க முதல் நான் ஆங்கிலத்தில், ஆமாம், அண்ணன் தம்பி, கொஞ்சம் கோபம் என்று சொல்லிவிட்டேன். சுந்தரி மாமி சப்பாத்து நாடா கட்டுகிற சாட்டில் குனிந்துவிட்டாள். ஜில்லுக்கு நல்ல மனசு, என் குழுவில் சகோதரர்கள் பிரிந்து நடக்கக் கூடாது என்று அப்பாவை முன்னுக்கும் மாமாவை அவருக்குப் பின்னுக்கும் விட்டாள்.

அவள் கோடாலியால் படி வெட்டிக்கொண்டு போக நாங்கள் ஏறினோம். மலர், அந்த நீலத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, வெள்ளைக்கு உள்ளே யாரோ விளக்குப் பிடித்த மாதிரி. நடுவில் இரண்டு பனிச்சுவருக்கு இடையில் ஒரு பிளவு, பக்கவாட்டாக நழுவிப் போக வேண்டும். ஜில்லும் ஜனார்த்தனும் பாம்பு மாதிரிப் போய்விட்டார்கள். அப்பா இரண்டு சுவெற்றரும் மேலே மழைக்கோட்டும் போட்டு, அதற்குள் தேத்தண்ணிப் பிளாஸ்க்கையும் வைத்திருந்தார், போனார், பாதியில் இறுகிவிட்டார். முன்னுக்கும் இல்லை பின்னுக்கும் இல்லை. பிறசர்காரர் அல்லவா, நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். மாமா பின்னால் நின்று அப்பாவோடு கதைக்காமல் ஜில்லைக் கூப்பிட்டு, என் சகோதரனிடம் மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லு என்றார் ஆங்கிலத்தில். அப்பாவும் ஜில்லிடம், என் சகோதரனிடம் தள்ள வேண்டாம் என்று சொல்லு என்றார். அந்தப் பிள்ளை பாவம், அவர் உங்களுக்குப் பின்னால்தானே நிற்கிறார் என்று முழித்தாள். ஆனால் அப்பா ஒரு முனகல் முனகினார் பார், மாமாவின் முகம் மாறிவிட்டது, இராசா, பயப்பிடாதையும், நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன் என்று தமிழில் வந்துவிட்டது.

அப்பா உடனே நன்றி சொல்லுவார் என்று நினைக்கிறாயா? பனிக்குள் இறுகினபடியே, முதல்லை சொல்லும், அண்டைக்கு அது அவுட்டோ என்று கேட்டார். மாமா யோசிக்கவே இல்லை, நீர் இதுக்குள்ளையே உறைஞ்சாலும் அவுட்டுத்தான் என்றார். அப்ப நான் வரேல்லை என்று அப்பா அசைய மறுத்துவிட்டார். எங்கள் குழுவில் வந்த ஜெர்மன்காரர் பின்னால் வரிசையில் நடுங்குகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று ஜில் கேட்க, பிரார்த்தனை என்றேன். கடைசியில் சுந்தரி மாமிதான் பொறுக்க முடியாமல் கத்தினாள், இஞ்சாருங்கோ, அண்டைக்கு உங்கடை கண்ணாடி என்ரை கைப்பைக்குள்ளை எல்லோ கிடந்தது, நீங்கள் பந்தைக் கண்டனீங்களோ என்று. மாமா மெல்ல, காணேல்லை, எல்லாரும் கத்தினவை, நானும் விரலைத் தூக்கினன் என்றார். இரண்டு வருசக் கோபத்தை அப்பா இப்போது கொட்டப் போகிறார் என்று நான் கண்ணை மூடினேன். எனக்குக் கேட்டது சிரிப்பு. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார், மாமாவும் சிரித்துக்கொண்டே பிளாஸ்க்கை உருவி எடுத்துவிட்டு ஒரு தள்ளுத் தள்ள, அப்பா அந்தப் பக்கம் ஜில்லின் காலடியில் போய் விழுந்தார். எழும்பினதும் முதலில் கையை நீட்டியது மாமாவை இழுத்தெடுக்கத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, குளிர்க்காற்று என்று சொல்லிவிட்டேன்.

இப்போது சனிக்கிழமை பின்னேரம். கூடாரத்தைக் காய வைக்கப் பின்வளவில் விரித்தோம், மத்தியானம் அதற்குள் போன இரண்டு பேரும் இன்னும் வெளியே வரவில்லை, அடுத்த பயணத்துக்குப் படம் கீறுகிறார்களாம். தேத்தண்ணி, தேத்தண்ணி என்று இரண்டு குரலும் கேட்கிறது, நானும் சுந்தரி மாமியும் காது கேளாத மாதிரி வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். வடை முடிந்த பிறகு கொண்டுபோய்க் கொடுப்போம்.

நீ சப்பாத்துக்குள் கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே, வேலைக்கு என்று சாப்பிடாமல் ஓடாதே, மருமகனையும் விடாதே. பிள்ளையார் துணையிருக்க இரண்டு பேரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, அப்பா நாளைக்கு ரெலிபோன் எடுப்பார், பனிக்குள் இறுகினது மாமா, இழுத்தெடுத்தது தான் என்று சொல்லுவார், நேற்றுப் பூசை மண்டபத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னார், மாமாவும் பக்கத்தில் நின்று ஓம் ஓம் என்று தலையாட்டினார். நீயும் ‘அப்படியோ அப்பா’ என்று ஆசையாகக் கேள். ஜனார்த்தன் பிளவுக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்த படம் இத்துடன் இருக்கிறது, பார்த்துவிட்டு ஒளித்து வை.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
செல்வநாயகி இராசரத்தினம்