வெதர்ஷா புத்தகத்தின் எழுபத்தோராம் பக்கம்

04.03.2025, செவ்வாய்
முழங்கால் வலி. மழை. கோயிலுக்குப் போகவில்லை.

மத்தியானம் மகள் றஞ்சனா போனைக் கொண்டுவந்து காட்டினாள். பிளேஸ்டோவில் இருக்கும் மெற்றில்டா எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாளாம். வெதர்ஷா கம்பனிக்கு நூறு வயது. றஞ்சனாவின் அப்பா முன்பு வேலை செய்த, மண் கிண்டும் பெக்கோ மெஷின் செய்கிற அதே கம்பனி. வரலாறு எழுதிப் புத்தகம் போடுகிறார்கள். இது அச்சுக்குப் போக இருக்கும் எழுபத்தோராம் பக்கம். 1990, ஐயாயிரமாவது பெக்கோ, அதன் முன்னால் ஐந்து பேர். நடுவில் நிற்பது இவர். நீல ஓவரோல், நான் தைத்துக் கொடுத்த பொக்கற்.

கீழே போட்டிருக்கும் பெயர் பெனடிக்ற்.

“எங்கட ஆள் புத்தகத்தில” என்று எழுதி மெற்றில்டா ஒரு பூவும் வைத்திருக்கிறாள். புருஷனுக்குப் பூ!

இவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருசம்.

05.03, புதன்
நான் எட்டாம் வகுப்புத்தான் படித்தேன். ஆனால் எனக்கு ஒன்றும் மறக்காது. எழுதி வைக்கிறேன்.

எண்பத்தெட்டில் லண்டனில் இவருக்கு விசா இல்லை. இவருடைய சினேகிதன் பெனடிக்ற்றுக்கு இருந்தது. அவனுடைய வேலைக் கார்டில், அவனுடைய பெயரில், இவர் வெதர்ஷாவுக்கு வேலைக்குப் போனார். அந்த நாளில் பாதிச் சனம் அப்படித்தான். ‘பென்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகினார்.

பெக்கோவின் வாளியைப் பிடித்திருக்கும் இரும்பு முளை கழன்று கழன்று விழும். ஒருநாள் வாளியே ஒருத்தன் காலில் விழுந்தது. அடுத்தநாள் காலை, நான் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு போனார். முளையில் ஒரு துளை போட்டு, துளைக்குள் இப்படி ஒன்றைப் பூட்டினால் கழலாது என்று போர்மனுக்குக் காட்டினார். செய்தார்கள். பிறகு எல்லா மெஷினுக்கும் அதுதான்.

என்னுடைய ஊக்கு திரும்பி வரவில்லை.

தொண்ணூற்றொன்றில், கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பெனடிக்ற் கார்டைத் திருப்பிக் கேட்டான். திங்கள் இவர் வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டுப் பெட்டி அங்கேயே கிடந்தது. பிறகு பதினொரு வருசம் பெற்றோல் ஷெட்டில் நின்றார்.

06.03, வியாழன்
பேத்தி ஜதுர்ஷிகா அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்துச் சொன்னாள். ஊக்குக் கதையும் இருக்கிறதாம்! பெனடிக்ற் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான், தன் மனைவியின் ஊக்கை எடுத்துக்கொண்டு போனானாம். மெற்றில்டா லண்டனில் காலடி வைத்தது தொண்ணூற்று நாலில்.

07.03
றஞ்சனாவின் போனை வாங்கி அந்தப் படத்தை ஏழெட்டுத்தரம் பார்த்தேன்.

09.03, ஞாயிறு
பூசை முடிந்து வந்திருப்பான் என்று பார்த்துப் போன் எடுத்தேன்.

“அக்கா! சுகமா இருக்கிறியளோ?”

“சுகம் விசாரிக்க எடுக்கேல்லை. எண்பத்தொன்பதில ஆற்ர சேலையில ஊக்கு எடுத்தனீ?”

“கம்பனியின்ர பதிவில என்ர பேர்தானே அக்கா கிடக்கு. அவையள் என்னைத்தானே தேடி வந்தவை.”

“பேர் உன்ர. கை ஆற்ர?”

“நான் சொல்லாட்டி அண்ணையின்ர கதையே புத்தகத்தில வந்திராது.”

“அப்ப உனக்கு நான் கும்பிடு போடவோ?”

“கார்டைக் கேட்டதும் மெற்றில்டாவை லண்டனுக்குக் கூப்பிடத்தான். விசா குடுக்க முதல் என்ர வேலையை விசாரிப்பாங்கள் எண்டு பயம். அண்ணைக்குத் தெரியும். அவர் ஒண்டும் சொல்லேல்லை.”

“அவர் சொல்லமாட்டார். நான் சொல்லுவன்.”

வைத்துவிட்டேன்.

15.03, சனி
றஞ்சனாவுக்குக் கோபம். “கள்ளக் கார்டில வேலை செய்தவர் எண்டு வெள்ளைக்காரனுக்குச் சொல்லப் போறியளோ? செத்த மனிசனைக் கேவலப்படுத்தாதேங்கோ அம்மா.”

எது கேவலம்? உழைத்ததோ? அந்தப் படத்துக்குக் கீழே இவருடைய பெயர் வரவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம். ஜதுர்ஷிகாவைக் கொண்டு கம்பனிக்குக் கடிதம் எழுதுவித்தேன்.

27.03, வியாழன்
புத்தகம் எழுதும் பெண் போன் எடுத்தாள். ஜதுர்ஷிகா பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, கணவரின் பெயரை நானே சொல்லவேண்டும் என்றாள், பதிவு செய்கிறார்களாம்.

கலியாணம் கட்டி நாற்பத்தெட்டு வருசம், இந்த வாயால் சொல்லாத பெயர். ‘இஞ்சாருங்கோ’ என்று கூப்பிட்டே காலம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில்கூட றஞ்சனாதான் சொன்னாள். “சொல்லுங்கோ அம்மம்மா, ஷி இஸ் வெயிற்றிங்” என்று பேத்தி இடித்தாள்.

சொன்னேன். பிறகு குசினிக்குள் போய்த் தண்ணி குடித்தேன்.

22.05, வியாழன்
கம்பனியிலிருந்து கடிதம். மிகவும் மரியாதையான கடிதமாம். வக்கீல்மாரின் ஆலோசனைப்படி எழுபத்தோராம் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு வரி வருகிறது: ‘எமது பொறியியல் பிரிவு வாளிப் பூட்டைக் கண்டுபிடித்தது.’

படம் இல்லை. ஊக்கு இல்லை. பெனடிக்ற் இல்லை. இவரும் இல்லை.

இன்னொருத்தனின் கார்டில் ஆள் வைத்திருந்தது அவங்களுக்கும் வெட்கம்தானே. இது ஏன் எனக்கு முதலே தெரியாமல் போனது? பெரிய ஞாபகசக்தி!

பெனடிக்ற்றைக் கம்பனியின் நூறாண்டு விழாவுக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

“இப்ப சந்தோசமோ?” என்றாள் றஞ்சனா.

அவன் புத்தகத்தில் இல்லை என்பது சந்தோசம்தான். இதில் பொய் எழுதமாட்டேன்.

23.05
சந்தோசம் இல்லை.

14.06, சனி
வாசலில் பெல் அடித்தது. பெனடிக்ற். மெற்றில்டா இல்லாமல், தனியாக, பிளேஸ்டோவிலிருந்து ஹரோ வரைக்கும் ரெயினில். தலை முழுக்க நரை. உள்ளே வா என்று சொல்லவில்லை, விலகி நின்றேன். வந்தான்.

ஒரு பழைய என்வலப்பை நீட்டினான். அதே படம். புத்தகத்துக்கு எடுத்த பிரதி இல்லை, அந்த நாளில் கழுவிய அசல்.

“கார்டில இருந்த விலாசத்துக்கு அனுப்பிப்போட்டாங்கள், அக்கா. என்னட்டத்தான் வந்தது.”

“முப்பத்தைஞ்சு வருசமா ஏன் தரேல்லை?”

“உங்கட வாசலுக்கு வரப் பயம்.”

“இப்ப?”

“இப்பவும் பயம்தான்.”

படத்தைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதினேன்: அம்பலவாணன். அவன் கடைசி எழுத்து வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போடவில்லை. அவனும் கேட்காமல் குடித்துவிட்டுப் போனான்.