வெள்ளைச் சாக்ஸில் செம்மண்

இது யார் கையில் கிடைத்தாலும் அம்மாவிடம் மட்டும் காட்டாதீர்கள். அப்பாவிடமும் வேண்டாம். சிரித்துக்கொண்டே போய் அம்மாவிடம் சொல்லிவிடுவார்.

மார்ச் 3, செவ்வாய்

வெயில், வெயில். பள்ளி மைதானத்தில் பாதிக்குத்தான் சிமெண்டுக் கல்லைப் பெயர்த்திருக்கிறார்கள். மீதிப் பாதியில் பத்து மணிக்கே கால் வைக்க முடியாது. போன வருஷம் அதில் வெறுங்காலோடு கோ-கோ ஓடி என் தோழி நஸ்ரினுக்கு உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பெயர்த்த பாதியில் செம்மண். ஓரத்தில் பழைய வேப்பமரம், புதிதாகப் புங்கன் கன்றுகள், மேலே பச்சை வலை. இன்று இண்டர்வெல்லில் அங்கே ஓடினோம். எவ்வளவு குளிர்ச்சி! அவசரத்தில் ஷூவை மட்டும் கழற்றினேன். சாக்ஸைக் கழற்றவில்லை.

வெள்ளைச் சாக்ஸ். போச்சு.

அம்மாவுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கடுகளவு கறை இருந்தாலும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். பெற்றோர் கமிட்டியிலும் இருக்கிறாள். சாப்பிடும்போது அப்பாவிடம்:

"மண்ணக் கெளறி உட்டுப்போட்டு நெழலு, பச்சைன்னா, தொவைக்கறது யாரு? எம்பட புள்ள துணியில ஒரு பொட்டு செம்மண்ணப் பாத்தன்னா, வெள்ளிக்கெழம மீட்டிங்குல கல்லத் திருப்பிப் பதிக்கச் சொல்லிப்போடுவேன்."

"நீ சொன்னா பதிச்சுருவாங்களாக்கும்?"

"நாலு பேரு நான் வாயத் தொறக்கட்டும்னுதான் இருக்கறாங்க."

சாப்பிட்டு எழுந்து பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். சாக்ஸ் பைக்குள்.

மார்ச் 4, புதன்

ரசம், முட்டைப் பொரியல். கணக்கு டெஸ்டில் பதினாறு. காற்றே இல்லை.

நஸ்ரின் யோசனை: "சொட்டு நீலம் போடு புள்ள. எங்கம்மா அதான் போடும்."

"எத்தன சொட்டு?"

"அது தெரியல."

ஒரு மூடி ஊற்றினேன். சாக்ஸ் முழுக்க நீலம். கறை மட்டும் போகவில்லை, கத்தரிக்காய் நிறத்தில் நிற்கிறது. போட்டோ எடுத்து நஸ்ரினுக்கு அனுப்பினால், "ஏண்டி, மண்ணுல ஓடுனியா, வானத்துல ஓடுனியா?" என்று பதில். சிரித்துவிட்டேன். பீரோவுக்குப் பின்னால் காயப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

ஓடவில்லை. காலில் முள் என்று பொய். புங்கன் ஒன்றில் புதுத் தளிர், செம்பு நிறம். என்னால் இதெல்லாம் போய்விடுமோ.

மார்ச் 6, வெள்ளி

மத்தியானம் மீட்டிங். வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஹெச்.எம். கூட்டிக்கொண்டு போய் எல்லாரையும் முதலில் கல் மேல் நிற்க வைத்தார். அம்மா ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்தாள். செருப்பு போட்டும் சுட்டிருக்கிறது. பிறகு யாரிடமும் சொல்லாமல் மண் பக்கம் வந்து வேம்படியில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். நல்லது என்று நினைத்தேன். அப்புறம் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து, முந்தானையில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கம்பெனிப் பார்வை. நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

இப்போது பக்கத்து அறையில் அம்மா நஸ்ரின் அம்மாவோடு போனில்:

"கல்லு மிச்சத்தையும் எடுக்கட்டும்னு சொல்லிப்போட்டேனுங்க. புள்ளைக எப்படியும் ஓடத்தான் ஓடும். வெள்ளச் சாக்ஸத்தான் மாத்தச் சொன்னேன். காப்பிக் கலர்ல போட்டா என்னங்கறேன்? ஆமாங்க, காத்து அங்க அப்படி வருது..."

அம்மா! என் செல்ல அம்மா! என் சாக்ஸைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறாள். தப்பித்தேன்.

பீரோவுக்குப் பின்னால் கை விட்டு எடுத்தேன். நன்றாகக் காய்ந்திருக்கிறது. அழகாக மடித்திருக்கிறது. நான் மடிக்கவில்லையே.

கட்டைவிரல் பக்கம், கறைக்கு நேராக, சின்னச் சிவப்பு அம்பு.

அம்மா கதவைத் தட்டுகி—